வயிறு ரொம்பிச்சா?

வாணியம்பாடியில் பாலாற்றை ஒட்டிய ஒரு தெரு. பகல் பன்னிரண்டு மணி. அங்கன்வாடியில் பாய் விரித்தாயிற்று. கை கழுவிய ஈரத்தோடு பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயம்மா தட்டு வைத்துக்கொண்டே போகிறார். தக்காளி சாதம், ஆளுக்கொரு வேகவைத்த முட்டை. மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பெண்பிள்ளை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாதம் வந்துவிட்டது, முட்டை இன்னும் வரவில்லை.

“அண்டா” என்கிறாள்.

டீச்சர் திரும்பி மூலையில் இருக்கும் தண்ணீர் அண்டாவைப் பார்க்கிறார். “தண்ணி வேணுமா கண்ணு?”

தலை வேகமாக ஆடுகிறது, இல்லை என்று. “அண்டா!” இந்த முறை விரல் பக்கத்துத் தட்டை நோக்கி நீள்கிறது.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. உருது பேசும் வீட்டுப் பிள்ளை. உருதுவில் முட்டைக்கு அண்டா என்று பெயர். நம் அண்டாவுக்கும் அந்த அண்டாவுக்கும் ஒலியில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. “ஓ, முட்டையா! உங்க வீட்ல அண்டான்னு சொல்வீங்களா? அப்ப இதுவும் அண்டா, அதோ அதுவும் அண்டா!” முட்டையையும் பாத்திரத்தையும் மாறி மாறிக் காட்டுகிறார். வரிசை முழுக்கச் சிரிப்பு. பிறகு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உரிக்காத ஒரு முட்டையை எடுத்துத் தரையில் லேசாகத் தட்டுகிறார். “இது ஓடு. ஓட்டுக்குள்ள இன்னா இருக்கும்?” “வெள்ள!” “வெள்ளைக்குள்ள?” “மஞ்ச!” “வேக வைக்காம ஒடச்சா இந்த மஞ்ச இப்டி கட்டியா இருக்குமா?” யாரிடமும் பதில் இல்லை. ஒரு பையன் மட்டும் யோசித்துச் சொல்கிறான்: “ஊத்தும்.” அவன் வீட்டில் ஆம்லெட் போடும்போது பார்த்திருக்கிறான்.

இவ்வளவும் நடக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கலாம். சோறு போடும் வேலைக்கு நடுவே நடந்த வெறும் பேச்சு. ஆனால் குழந்தைகளின் மொழியையும் பசியையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள் இந்த மூன்று நிமிடத்தை ஒரு பொக்கிஷமாகத்தான் பார்ப்பார்கள்.

சாப்பிடும்போது பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதில் நியாயம் இருக்கிறது. வாய் நிறையச் சோற்றோடு சிரித்தால் புரையேறும். மூன்று வயதுப் பிள்ளை முழு முட்டையையோ கடலையையோ வாயில் வைத்துக்கொண்டு குதித்தால் தொண்டையில் சிக்கும் ஆபத்து நிஜமானது. ஆகவே உட்கார்ந்து, மென்று, விழுங்கிவிட்டுப் பேச வேண்டும் என்பது சரி. பேசவே கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்த வயதில் ஒரு நாளின் மிக வளமான பேச்சு தட்டைச் சுற்றித்தான் நடக்க முடியும்.

ஹார்வர்டைச் சேர்ந்த கேத்தரின் ஸ்னோவும் டேவிட் டிக்கின்சன், டயான் பீல்ஸ் முதலானோரும் 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஒரு நெடிய ஆய்வைத் தொடங்கினார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் மூன்று வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்து, வீட்டிலும் பாலர் பள்ளியிலும் அவர்களைச் சுற்றி நடக்கும் பேச்சைப் பதிவு செய்து, அவர்கள் வளர வளரத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தையும் பதிவு செய்தார்கள். ஆச்சரியம் அங்கேதான் காத்திருந்தது. அன்றாடம் அதிகம் புழங்காத, ‘அரிதான’ சொற்கள் பொம்மை வைத்து விளையாடும் நேரத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தில் கூடுதலாக வந்து விழுந்தன. அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் சொல்வளம் பின்னாளில் கூடுதலாக இருந்தது.

காரணம் எளிது. விளையாடும்போது பேச்சு பெரும்பாலும் கைக்கெட்டிய பொருளோடு நின்றுவிடும்: அதை எடு, இதை வை, அது என்னுது. சாப்பிடும்போது கை ஒரு வேலையில் இருக்கிறது, மனசு சும்மா இருக்கிறது. அது ஊர் சுற்றப் புறப்படும். நேற்று தாத்தா வீட்டில் கோழி முட்டையிட்டது, மழையில் அடுப்பு அணைந்துபோனது, அண்ணன் ஏன் அழுதான் என்றெல்லாம் பேச்சு விரியும். கண்முன் இல்லாத ஒன்றைச் சொற்களால் மட்டுமே கட்டியெழுப்பும் இந்தப் பேச்சைத்தான் ஆய்வாளர்கள் உயர்வாகக் கருதுகிறார்கள். படிப்பு என்பதே பிறகு அதுதானே? புத்தகத்தில் யானை இருக்காது, யானை என்ற எழுத்துதான் இருக்கும். ‘ஊத்தும்’ என்ற பையன், அங்கே இல்லாத ஒரு முட்டையை, அங்கே இல்லாத ஒரு தோசைக்கல்லில் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொன்னான்.

இன்னொரு புறம் எல்லாச் சாப்பாட்டு நேரத்திலும் பெருகி ஓடும் பேச்சு இருக்கிறது. சிந்தாதே. சீக்கிரம். அங்க பாக்காத. கையை எடு. இது இல்லாமல் இருபது பிள்ளைகளைச் சமாளிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்குப் பிள்ளை பதில் சொல்ல எதுவும் இல்லை. கட்டளை போய்ச் சேர்ந்த இடத்தில் பேச்சு முடிந்துவிடும். 2018இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நான்கிலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட 36 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு இதை மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தது. வீட்டுப் பேச்சை ஒலிப்பதிவு செய்து எண்ணினார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் கதை கேட்கும்போது மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெரியவர்கள் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதியான ப்ரோக்காவின் துடிப்போடு நெருங்கிப் பொருந்தியது. ஆக, நிறையப் பேசும் டீச்சரைவிட, கேட்டுவிட்டு ஒரு நொடி பொறுத்திருக்கும் டீச்சர் மேல்.

சோற்றுக்கும் சொல்லுக்கும் இன்னொரு நெருக்கமும் உண்டு. பந்து, நாற்காலி, பாட்டில் இவற்றின் பெயரைக் குழந்தை வடிவத்தை வைத்துப் பிடித்துக்கொள்ளும். கஞ்சிக்கும் குழம்புக்கும் தயிருக்கும் வடிவம் ஏது? கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணம், தரையில் சிந்தினால் தரை. இத்தகைய பொருள்களின் பெயர்கள் பிள்ளைகளுக்குக் கடினம். 2014 வாக்கில் அயோவா பல்கலைக்கழகத்தில் பதினாறு மாதக் குழந்தைகளிடம் கூழ் போன்ற பண்டங்களைக் கொடுத்து, அவற்றுக்குக் கற்பனைப் பெயர்கள் சொல்லி, யார் அந்தப் பெயரைப் பற்றிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பண்டத்தைக் கையால் பிசைந்து, மேலெல்லாம் பூசிக்கொண்ட குழந்தைகளே நன்றாகக் கற்றன. தட்டில் கையை விட்டு அளையும் பிள்ளையைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். அந்தக் கை அப்போது குழைவு, பிசுபிசுப்பு, சூடு, பருக்கை என்று ஒரு அகராதியே தயாரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த அகராதி ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு விதம். மெக்சிகோவில் மாயா வழிவந்த ட்ஸெல்டால் மொழியில், இறைச்சி தின்பதற்கு ஒரு வினை, மொறுமொறுப்பானதற்கு ஒரு வினை, சோளரொட்டிக்கு ஒரு வினை. பெனலோப்பி பிரவுன் என்ற மொழியியலாளர் அங்கே குழந்தைகளின் முதல் சொற்களைச் சேகரித்தபோது, அவர்கள் இந்த நுட்பமான வினைகளை மிக இளம் வயதிலேயே சரியாகப் பயன்படுத்துவதைக் கண்டார். நம்மிடமும் என்ன குறை? கொறி, மெல், கடி, சப்பு, உறிஞ்சு, நக்கு, விழுங்கு. பிள்ளையிடம் எல்லாவற்றுக்கும் ‘சாப்பிடு, சாப்பிடு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் இத்தனையும் வீணாகிறது. “சுண்டலை மெதுவா மெல்லு, முழுங்கிடாத” என்று ஒரு டீச்சர் சொன்னால், பிள்ளைக்கு இரண்டு வினைகளும் அவற்றுக்கு இடையிலான வித்தியாசமும் ஒரே வாய்க்குள் கிடைத்துவிடுகின்றன.

வாணியம்பாடியில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பகுதி நெடுகத் தோல் தொழிலோடு வளர்ந்த ஊர்களில் தமிழும் உருதுவும் தெருவுக்குத் தெரு கலந்து ஒலிக்கின்றன, இடையிடையே தெலுங்கும். ஒரு பிள்ளை வீட்டில் ‘பானி’ கேட்டுவிட்டு அங்கன்வாடியில் ‘தண்ணி’ கேட்க வேண்டும். இந்த இடமாற்றம் எழுத்துப் பலகை முன்னால் நடப்பதைவிடத் தட்டு முன்னால் நடப்பது எவ்வளவோ இதமானது. பொருள் கையில் இருக்கிறது, பசியும் இருக்கிறது, தவறாகச் சொன்னாலும் சோறு வரும். அந்த டீச்சர் ‘அண்டா இல்ல, முட்டைன்னு சொல்லு’ என்று திருத்தியிருந்தால் பிள்ளை முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கும். அவர் அவளுடைய சொல்லைக் கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைத்து, அதன் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் வைத்தார். அவ்வளவு நுட்பமான காரியத்தை எந்தப் பயிற்சிக் கையேடும் முன்கூட்டி எழுதிவிட முடியாது.

இதுவரை சொன்னது காதுக்குப் போவது. இனி வயிற்றுக்கு வருவோம்.

பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற உளவியலாளர் தன் ஆயுளில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். 1991இல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட 15 பிள்ளைகள் ஆறு நாள் உண்டதை முழுதாக அளந்தார்கள். வேளைக்கு வேளை பார்த்தால் ஒரே தாறுமாறு. காலையில் அள்ளி அள்ளித் தின்ற பிள்ளை மதியம் தொடவே இல்லை. ஏற்ற இறக்கம் சராசரியாக 34 சதவீதம் அளவுக்கு. ஆனால் நாள் முழுவதையும் கூட்டினால் அது 10 சதவீதத்துக்குச் சுருங்கிவிட்டது! யாரும் கணக்குச் சொல்லித் தராமலே அந்தச் சின்ன உடல் ஒரு வேளையின் குறைவை அடுத்த வேளையில் நேர்செய்துகொண்டிருந்தது.

இந்தக் கணக்கைக் கலைக்கும் வல்லமை பெரியவர்களின் பேச்சுக்கு உண்டு. 1987இல் பர்ச்சின் குழு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழுவிடம் பசி, வயிறு நிறைந்த உணர்வு பற்றிப் பேசினார்கள். மற்றதிடம் தட்டில் மிச்சம் எவ்வளவு, சாப்பிட்டால் என்ன பரிசு என்று பேசினார்கள். பிறகு சத்து அதிகமான, குறைவான முன்னுணவுகளைக் கொடுத்துப் பார்த்தபோது, வயிற்றைப் பற்றிப் பேசப்பட்ட பிள்ளைகள் அதற்கேற்ப அடுத்த உணவைக் கூட்டியும் குறைத்தும் கொண்டார்கள். தட்டைப் பற்றிப் பேசப்பட்டவர்களுக்கு அந்தச் சூட்சுமம் மங்கிப்போயிருந்தது. 2006இல் ஏமி காலவே என்பவரும் சகாக்களும் ஒரு பாலர் பள்ளியில் 27 பிள்ளைகளுக்குப் பதினொரு வாரம் இரண்டு விதமான சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் குடிக்கும்போது மட்டும் ‘முடிச்சிடு, முடிச்சிடு’ என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். வற்புறுத்தாத சூப்பைப் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றியே அதிகம் குறை சொன்னார்கள்.

சமந்தா ராம்சே முதலானோர் 2010இல் பாலர் பள்ளி ஆசிரியர்களின் சாப்பாட்டு நேரப் பேச்சையே காணொளியில் பதிந்து சொல் சொல்லாகப் பிரித்தார்கள். பெரும்பகுதி பேச்சு தட்டைப் பற்றியதாகவே இருந்தது, வயிற்றைப் பற்றியது கொஞ்சமே. நம் ஊர்ப் பேச்சில் இந்த வித்தியாசம் துல்லியமாக இருக்கிறது. “முடிச்சிட்டியா?” என்று கேட்டால் பிள்ளை தட்டைப் பார்க்கும். “வயிறு ரொம்பிச்சா?” என்று கேட்டால் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்க்கும். அப்படித் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னும் இங்க காலி” என்று தொப்புளுக்கு மேலே ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டிய பையனை நான் பார்த்திருக்கிறேன். டீச்சர் அந்த இடத்துக்கு ஒரு கரண்டி போட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த ஆய்வுகள் வயிறு காயாத அமெரிக்கப் பிள்ளைகளிடம் நடந்தவை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. நெடுநாள் குறைவாகவே உண்டு பழகிய, அடிக்கடி காய்ச்சலில் விழும் பிள்ளைக்குப் பசியே மந்தமாக இருக்கும். அதனிடம் போய் ‘உன் வயிறு சொல்றத கேளு’ என்று விட்டுவிட முடியாது. வற்புறுத்தவும் கூடாது. நடுவில் இருக்கும் வழிக்குத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் ஊக்குவித்து ஊட்டுவது என்ற பொருளில் இடம் தருகின்றன: பொறுமையாக, கண்ணைப் பார்த்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊட்டுங்கள், திணிக்காதீர்கள். சத்துணவுக்கான அறிவுரையில் ‘பேசுங்கள்’ என்பது அரிசி, பருப்புக்குச் சமமாக உட்கார்ந்திருப்பதை முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அன்றைய ஆந்திரத்தின் 60 கிராமங்களில் நடத்தி 2013இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. என்ன ஊட்டுவது என்பதோடு எப்படிப் பேசி ஊட்டுவது, விளையாட்டுக் காட்டுவது என்றும் தாய்மார்களுக்குச் சொல்லித் தந்த கிராமங்களில் குழந்தைகளின் மனவளர்ச்சி மதிப்பெண் உயர்ந்திருந்தது.

நம் பாட்டிமார்களிடம் இந்த நடுவழி ஏற்கெனவே இருந்தது. காக்காவுக்கு ஒரு வாய், குருவிக்கு ஒரு வாய் என்று பங்கு போட்டு ஊட்டுவதும், நிலாவைக் காட்டி வாயைத் திறக்கவைப்பதும் திணிப்பு இல்லாத உபாயங்கள். பூச்சாண்டி வருவான், ஊசி போடும் டாக்டர் வருவார் என்பவை மட்டும் அந்தப் பையிலிருந்து எடுத்து எறியப்பட வேண்டியவை. அச்சத்தில் சுருங்கும் தொண்டைக்குள் சோறு எப்படி இறங்கும்?

புதிய பண்டத்தைப் பிள்ளை மறுப்பது இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் உச்சத்தில் இருக்கும் இயல்பு. டீச்சர் தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டுக் காட்டினால் போதும் என்று தோன்றும். 2000இல் ஹெண்டி, ராடன்புஷ் என்ற இருவர் பார்த்ததில், டீச்சர் சும்மா சாப்பிட்டது எடுபடவில்லை. ‘ம்ம்ம்! எனக்கு மாம்பழம்னா உயிர்!’ என்பது போல வாய்விட்டு ரசித்துச் சாப்பிட்டபோதுதான் பிள்ளைகளும் கை நீட்டினார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த தோழி மூக்கைச் சுளித்தால் டீச்சரின் ரசனை தோற்றுவிடும்! இதை முன்பே பர்ச் கண்டிருந்தார்: ஒரு காய்கறியைப் பிடிக்காத பிள்ளையை, அது பிடித்த பிள்ளைகளோடு உட்காரவைத்தால் நாலே நாளில் மனசு மாறிவிடும். அங்கன்வாடியில் யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதுகூடச் சமையலின் ஒரு பகுதிதான்.

இவ்வளவும் நடக்க ஒன்று தேவை. டீச்சர் உட்கார வேண்டும்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் பெருமை பழையது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் நாட்டில் தொடங்கியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதிலிருந்தே பால்வாடிப் பிள்ளைகளையும் பந்தியில் அமர்த்தியது. இன்று வாரத்தில் மூன்று நாள் முட்டை. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதற்கு அளவு, எடை, பட்டியல் எல்லாம் இருக்கிறது. தட்டைச் சுற்றி என்ன பேச வேண்டும் என்பது அந்தந்த டீச்சரின் மனசுக்கு விடப்பட்டிருக்கிறது. அவருக்கோ எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பதிய வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். சோற்று நேரம்தான் பதிவேட்டைத் திறக்கக் கிடைக்கும் நேரமும்.

இதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்ட்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் பாலர் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கிடைத்த கற்றல் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் மொழியிலும் கணக்கிலும் மதிப்பெண் கூடியது. தொடர்ந்து வந்த பிள்ளைகளிடம் உயரக்குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்திருந்தன. சோற்றின் அளவை யாரும் கூட்டவில்லை. கூட்டப்பட்டது ஒரு ஆள். அதனால் பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரமும் கிடைத்தது. தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடும் தாய்மார்கள் நிறைந்த எங்கள் பக்கத்துக்கு அந்த ஒரு ஆள் எவ்வளவு பெரிய வரம்! இங்கே பல பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசும் சாப்பாடு பகலில் இந்த ஒன்றுதான்.

மூன்றரை மணிக்கு அந்தப் பெண்பிள்ளையைக் கூட்டிப்போக அவளுடைய நானி, அம்மாவைப் பெற்ற பாட்டி, வந்தார். அம்மா திரும்ப இருட்டிவிடும். செருப்பை மாட்டிவிட்டபடியே, சாப்பிட என்ன போட்டார்கள் என்று உருதுவில் கேட்டார். பிள்ளை உடனே பதில் சொல்லவில்லை. நானியின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடி, மூலையில் இருந்த பாத்திரத்தைத் தட்டி, “அண்டா” என்றாள். பிறகு இரண்டு கையையும் சிறிதாகக் குவித்து, “முட்டே அண்டா” என்றாள். நானிக்குப் பாதிதான் புரிந்தது. கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயம்மா மீதியைச் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளை அவரைச் சொல்லவிடவில்லை.